பேச்சு வீடு

வீடு பார்க்கப் போன இடத்திலெல்லாம் கோமதிக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். வீடுதான் கொடுக்கவில்லை.

சென்னைக்காரர்களை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. உட்காரச் சொல்வார்கள், ஃபேனைப் போடுவார்கள், பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி என்ன படிக்கிறாய் என்று கேட்பார்கள். அப்புறம்தான் விசாரணை. எத்தனை பேர், என்ன வேலை, கவிச்சி சமைப்பீர்களா, ஊரிலிருந்து ஆட்கள் வந்து தங்குவார்களா, சங்கரன்கோவில் என்றால் எந்தத் தெரு. தெருவின் பெயரைச் சொன்னால் போதும், மிச்சத்தை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். இத்தனையையும் தாண்டி வந்தால் வாடகையைச் சொல்வார்கள். சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும், டாக்டர் கெட்ட செய்தி சொல்கிற மாதிரி. கோமதியும் அவள் புருஷன் ஆவுடையப்பனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்துகொள்வார்கள்.

ஆவுடைக்கு தியாகராய நகரில் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. கோமதி ராயப்பேட்டையில் ஒரு லேபில் பொய்ப்பல் செய்கிறாள். கரையோரத் தெருக்களையெல்லாம் கடல் எடுத்துக்கொண்ட பிறகு, மிச்சமிருக்கிற சென்னையில் இந்த மாதிரி சம்பளக்காரர்கள் வேலை பார்க்கலாம், குடியிருக்க முடியாது. மதுராந்தகத்துக்கும் அப்பால் ஒற்றை அறையில் இருந்தார்கள். மகள் மகிழினிக்கு எட்டு வயது. அங்கே பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அவளும் இவர்களோடு ரயில் ஏறி மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடத்துக்கு வருவாள். இருட்டோடு கிளம்பி இருட்டோடு திரும்புவது. நின்றுகொண்டே தூங்க அந்தப் பிள்ளை பழகியிருந்தது. ஒருநாள் கூட்டத்தில், அம்மா என்று நினைத்து யாருடைய சேலையையோ பிடித்துக்கொண்டு தூக்கத்திலேயே செங்கல்பட்டில் இறங்கிப் போய்விட்டது. அடுத்த ரயிலில் திரும்பி ஓடி, பிளாட்பாரத்தில் பெஞ்சில் கண்டுபிடித்தபோது கோமதி முதலில் முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் கட்டிப்பிடித்துக்கொண்டு, போகிற வருகிறவர்கள் பார்க்க ஓவென்று அழுதாள். எப்பாடுபட்டாவது ஊருக்குள் ஒரு வீடு பிடித்துவிடுவது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தார்கள்.

முடிவு செய்து என்ன? நாலு ஞாயிற்றுக்கிழமை அலைந்ததில் செருப்புதான் தேய்ந்தது.

"ஏட்டி, இதுக்கு மேல நம்மால ஆவாது" என்று மந்தைவெளி டீக்கடை ஒன்றில் ஆவுடை உட்கார்ந்துவிட்டான். அங்கேதான் புரோக்கர் பிலோமின்ராஜ் வந்து சேர்ந்தான். வியாசர்பாடிக்காரன். கொஞ்ச நேரம் இவர்களை மேலும் கீழும் பார்த்தான்.

"மேடம், ஒரு வீடு கீது. ரெண்டு ரூமு, ஹாலு, மாடி. வாடகை எங்க அப்பா காலத்து வாடகை. ஆனா பேச்சு வீடு."

"அப்படின்னா?"

"உள்ள ஒருத்தங்க இருக்காங்க. ஆனா இல்ல."

"பேயா?" என்றான் ஆவுடை. அலுப்பில் அவனுக்குப் பயம்கூட வரவில்லை.

"பேயி வாடகை கட்டுமா சார்? சாகறதுக்கு முன்ன ஆஸ்பத்திரில பிரதி எடுத்து வச்சுக்கறாங்கள்ல. பேச்சு, ஞாபகம், கோவம் தாபம் எல்லாம். அத்த கொண்டாந்து வீட்ல மாட்டிக்கினாங்க. கோர்ட்டு இன்னா சொல்லிச்சு? பிரதி அதே வீட்ல விடாம இருந்தா அவங்கதான் பழைய வாடகைக்காரங்க. காலி பண்ணச் சொல்ல முடியாது. வாடகையும் ஏத்த முடியாது. ஒரே கண்டிசன், கூட ஒரு குடும்பம் இருக்கணும். பூட்டின வூட்டுல பிரதி மட்டும் இருந்தா செல்லாது."

"அப்ப செத்தவங்களுக்குத் துணைக்கு நாங்க போவணும்."

"துணைக் குடும்பம்னுதான் கவர்மெண்ட்டே பேரு வச்சிருக்கு மேடம். வருசத்துக்கு ஒருவாட்டி ஆபீசர் வருவாங்க. அடையாள விசாரணை. அதே ஆளுதானான்னு கேள்வி கேப்பாங்க. ஆமான்னா இன்னொரு வருசம் ஓடும். இல்லன்னா பிரதிய அணைச்சிருவாங்க, நீங்களும் சாவியக் குடுத்துடணும்."

"அதே ஆளு எப்படி இல்லாமப் போவாங்க?"

பிலோமின்ராஜ் டீயை உறிஞ்சினான். "அங்கதான் மேடம் வேலையே. பிரதில எடம் அளவுதான். பேசாம விட்டா வெறச்சிப் போவும். பேசினா புச்சு ஏறிக்கினே போவும், பழசு கயண்டுக்கும். அதனால வாரம் ஒருவாட்டி உக்காந்து பழசக் கேக்கணும். நீ யாரு, எங்க பொறந்த, இன்னா நடந்துச்சுன்னு. அவங்க வாயால சொல்ல வச்சீங்கன்னா நிக்கும். அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று கோமதியும் நினைத்தாள்.

தூங்குமூஞ்சி மரத்து நிழல் விழுகிற பழைய கட்டடம் அது. கதவைத் திறந்ததும் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியிலிருந்து குரல் வந்தது. அதன் மேலே சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு கண்.

"செருப்பை உள்ளயே விடுங்க. வெளிய விட்டா நாய் தூக்கிட்டுப் போயிடும்."

ஹேமாவதி கேஸ் ஏஜென்சியில் புக்கிங் பார்த்தவள். சாகும்போது ஐம்பத்தாறு வயது. புருஷன் எப்போதோ வேறொருத்தியோடு ஓசூருக்குப் போய்விட்டான். எல்லாவற்றையும் அவளே கடகடவென்று சொன்னாள். இந்தப் பக்கம் ஆவுடையும் கோமதியும் பிலோமின்ராஜ் சொல்லிக்கொடுத்தபடி கையைக் கட்டிக்கொண்டு, சரிங்க, ஆமாங்க என்று நின்றார்கள். அதற்குள் மகிழினி தண்ணீர் கேட்டாள். பாட்டிலை டீக்கடையில் விட்டுவிட்டு வந்தது யார் என்பதில் சண்டை பிடித்துக்கொண்டது.

"நீங்கதான கடைசியா குடிச்சீங்க?"

"குடிச்சது நான்தான். எடுத்து வைக்கது யாரு வேல?"

"ஓகோ, அதுக்குத்தான் என்னைய கெட்டிட்டு வந்தீங்களாக்கும்!"

"மெதுவாப் பேசுட்டி, வீடு கிடைக்காமப் போயிரும்" என்று ஆவுடை பல்லைக் கடித்தான். பெட்டியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்து ஓய்ந்து ஹேமாவதி சொன்னாள்: "இதுவரைக்கும் வந்தவங்க எல்லாம் துக்கம் விசாரிக்க வந்த மாதிரியே பேசினாங்க. செத்தது நான்தான், எனக்கே அவ்வளவு துக்கம் இல்ல. நீங்க வந்துடுங்கப்பா. வீட்ல சத்தம் இருக்கும்."

வந்துவிட்டார்கள். பால் காய்ச்சிய அன்று, பொங்கி அடுப்பெல்லாம் வழிந்த பிறகும் ஹேமாவதி அணைக்க விடவில்லை. இன்னும் கொஞ்சம் பொங்கட்டும் என்றாள்.

ரயில் இல்லாத வாழ்க்கை என்றால் என்னவென்று கோமதிக்கு முதல் வாரம் புரியவே இல்லை. வேலை முடிந்து வந்து கையைக் காலைக் கழுவினால் இன்னும் வெளிச்சம் இருந்தது. இந்த வெளிச்சத்தை என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மகிழினிக்குக் கன்னம் வைத்தது. பள்ளிக்கூடம் விட்டு நடந்தே வந்துவிடுவாள். அம்மாவும் அப்பாவும் வரும்வரை அவளுக்கு ஹேமாவதிதான். கோமதி அக்கா என்று கூப்பிட்டதால் பிள்ளைக்குப் பெரியம்மா. "பெரியம்மா, ஏழெட்டு எவ்ளோ?" "நீ சொல்லு, நான் சரி பாக்கறேன்." "பெரியம்மா, பால சுட வைக்கட்டா?" "கிட்டயே நில்லு. டிவி பாத்துட்டு நின்னே, தெரியும் சேதி." ஊரிலிருந்து மாமியாரைக் கூட்டிவந்து வைத்திருந்தால்கூட இவ்வளவு பாந்தமாக நடந்திருக்காது என்று கோமதி லேபில் சொல்லிச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் வேறு மாதிரி இருந்தன.

முதல் ஞாயிறு காலை, சமையலுக்கு முன்னால் கோமதி பெட்டிக்குக் கீழே பாயை விரித்து உட்கார்ந்தாள். பிறந்த ஊர், படித்த பள்ளி, அப்பா பெயர், ஏஜென்சி முதலாளி பெயர் எல்லாம் தடங்கலில்லாமல் வந்தன. "பிள்ளைங்க எத்தன அக்கா?" என்று கேட்டாள்.

"இதைக் கேட்டே ஆகணுமா?"

"ஆபீசர் கேப்பாவன்னு புரோக்கர் சொன்னாரு."

ஹேமாவதி சொன்னாள். ஒரே பையன், முரளி. எட்டு வயது. மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம். அடுப்பில் ரசம். கொத்தமல்லி இல்லை. கடைக்குப் போய் வாங்கிட்டு வாடா என்றாள். தெருவில் முழங்கால் தண்ணீர். முக்கில் மின்சாரப் பெட்டி திறந்து கிடந்தது அவளுக்குத் தெரியாது. அவன் திரும்பி வரவில்லையே என்று எட்டிப் பார்த்தபோது தெருவில் எல்லோரும் தூரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள், யாரும் தண்ணீரில் இறங்கவில்லை.

"கொத்தமல்லி போடாட்டியும் ரசம் ரசம்தானேடி கோமதி" என்றாள். அப்புறம் அழுதாள். கண்ணீர் துடைக்க முகம் இல்லாத அழுகையை எப்படித் தேற்றுவதென்று தெரியாமல் கோமதி சுவரைத் தடவிக்கொடுத்தாள்.

சொல்லச் சொல்ல ஆறிவிடும் என்றுதான் இவள் நினைத்தாள். மனுசருக்கு ஆறும். ஹேமாவதிக்கு ஆறவில்லை. வாரம் முழுக்கப் பிள்ளையோடும் இவர்களோடும் பேசிச் சிரித்து, சனிக்கிழமை வாக்கில் அந்தச் சாயங்காலம் மங்கிப்போய்க் கிடக்கும். ஞாயிறு காலை கோமதி பாயை விரித்து உட்கார்ந்து அதைத் தோண்டி எடுப்பாள். ஒவ்வொரு தடவையும் அன்றைக்குத்தான் நடந்தது மாதிரி ஹேமாவதி கதறுவாள். கேட்டு முடித்துவிட்டு கோமதி எழுந்துபோய்க் குழம்புக்குப் புளி கரைக்க வேண்டும். அந்த நேரத்தில் அவளுக்குத் தன் கையைப் பார்த்தாலே வெறுப்பாக இருக்கும். என்ன செய்ய, வீடு வேண்டுமே.

முதல் வருஷம் விசாரணை நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்காரர் கஜேந்திரனும் வந்திருந்தார். அவர் கொம்பு முளைத்த வில்லன் என்று கோமதி எதிர்பார்த்திருந்தாள். வந்தவர் சட்டைப்பையில் ரயில் பாஸ் வைத்திருந்த, முதுகு வளைந்த மனிதர். அவருடைய அப்பா விட்ட வாடகை அது. அவரோ கூடுவாஞ்சேரியில் வாடகைக்கு இருக்கிறார். "சொந்த வீடு இருந்தும் பொண்ணை பிரசவத்துக்குக் கூட்டிட்டு வர ரூமு இல்லம்மா" என்றார். "ஹேமாக்கா நல்லவங்கதான். சின்ன வயசுல எனக்கு முறுக்கெல்லாம் குடுத்திருக்காங்க. அவங்க செத்தப்போ உண்மையாவே அழுதேன். ஆனா அவங்க போகவே இல்லையே." இதைக் கேட்ட ஹேமாவதி, "உன் வீட்ல நான் என்ன சும்மாவா இருக்கேன் கஜா, மாசம் பொறந்தா வாடகை வருதில்ல" என்று வெடுக்கென்று சொன்னாள். யார் பக்கம் நியாயம் என்று கோமதிக்குச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாம் வருஷம் பாதியில் ஹேமாவதி கெஞ்ச ஆரம்பித்தாள்.

"இந்த வாரம் வேணாம்டி. இந்த ஒரு வாரம் விட்டுடு. அது தானா கழண்டுக்கற மாதிரி இருக்கு. ரொம்ப நல்லா இருக்குடி."

"மறந்துட்டீங்கன்னா ஒங்கள அணைச்சிருவாங்கக்கா."

"அணைச்சா வலிக்காது. இது வலிக்குது."

கோமதி ஒரு வாரம் விட்டாள். அடுத்த வாரம் பயந்துபோய்க் கேட்டாள். பையன் எதற்காகக் கடைக்குப் போனான் என்பது ஹேமாவதிக்கு நினைவு வரவில்லை. சொல்லிக்கொடுத்து வரவழைத்தாள். மறுபடி இரண்டு வாரம் விட்டாள். விட்டதற்கு இரக்கம் ஒரு காரணம். ஞாயிற்றுக்கிழமையாவது கொஞ்சம் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்பது இன்னொரு காரணம். அதற்கடுத்த ஞாயிறு ஹேமாவதிக்கு எதுவுமே வராததால், மழை, ரசம், கொத்தமல்லி, தண்ணீர் என்று கோமதியே முழுவதையும் சொல்லிமுடித்தாள். பெட்டி அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஐயோ பாவம்" என்றாள் ஹேமாவதி. "யாருடி அந்தப் பொம்பள? உங்க ஊர்க்காரியா? பெத்தவ எப்படித் தாங்கினாளோ."

அது நீங்கதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீடு நிற்கும். கோமதி வாயைத் திறந்தாள், மூடினாள்.

"யாரோ ஒருத்தங்கக்கா. எனக்கும் அவ்வளவாப் பழக்கமில்ல" என்று சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டினாள்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டை மாடியில் துணி எடுக்கப் போன சாக்கில் ஆவுடையிடம் சொன்னாள். இனிமேல் கேட்கப்போவதில்லை, நம்மால் முடியாது, அந்த மனுசி நிம்மதியாக இருக்கட்டும். சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் தண்ணீர்த் தொட்டிமேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

"நீ சொல்லுதது சரிதான்ட்டி. ஆனா சரியா இருக்கதுக்கு நம்மகிட்ட வசதி இல்லையே."

"அதுக்காவ?"

"அதுக்காவ ஒண்ணுமில்ல. எனக்கும் அந்த அழுகையக் கேக்க முடியல. ஞாயித்துக்கிழம ஆனா நான் வெளிய ஓடிப்போறது எதுக்குன்னு நெனச்ச?" அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மறுபடி பிலோமின்ராஜப் பிடிப்போம். வேறென்ன செய்ய."

துணி மடித்துக்கொண்டிருந்த மகிழினி நிமிர்ந்தாள். அவள் பக்கத்தில் இருப்பதையே இருவரும் மறந்திருந்தார்கள்.

"நாம இந்த வீட்ட விட்டுப் போறோமா?"

"ஆபீசர் வந்துட்டுப் போனா தெரியும்" என்றாள் கோமதி.

"பெரியம்மாவ என்ன செய்வாங்க?"

கோமதி கொடியிலிருந்து அடுத்த துணியை உருவினாள். பிள்ளை தன் பள்ளிக்கூடச் சட்டையை ரொம்ப நேரம் நீவி நீவி மடித்துக்கொண்டிருந்தது.

அப்புறம் பழைய கதைதான். தண்ணீர் கொடுத்தார்கள், எந்தத் தெரு என்றார்கள், குரலைத் தாழ்த்தி வாடகை சொன்னார்கள். முன்னைக்கு இப்போது இன்னும் ஏறியிருந்தது. பிலோமின்ராஜ் கையை விரித்தான். இன்னொரு பேச்சு வீடு இருந்தது, அங்கே இருந்த பெரியவர் இவர்கள் பெயரைக் கேட்டதும் செத்த பிறகும் விடாமல் தெருவை விசாரித்தார். கோமதி லேபில் பல்லைத் தப்பாக வார்த்து முதலாளியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டாள். ஆவுடை மதுராந்தகத்துக்கு அப்பால் இருந்த பழைய அறையைக் கேட்டு வைத்தான், அதுவும் உறுதியில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் யாரும் பேசுவதில்லை. ஹேமாவதிகூட அப்போதெல்லாம் குரல் கம்மித்தான் இருந்தாள். சில நாள் கோமதி வரும்போது மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். என்னக்கா என்றால், ஒண்ணுமில்லடி, போய்க் காபி போடு என்பாள். விசாரணை நெருங்குகிற பயம் என்று கோமதி நினைத்துக்கொண்டாள். தன் பயமே அவளுக்கு மலையாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை விசாரணை. அலுவலர் சின்ன வயதுப் பெண். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னும் இரண்டு வீடு இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். கஜேந்திரன் ஸ்டூலில் உட்கார்ந்தார். மகிழினி சுவிட்ச் போர்டுக்குக் கீழே சம்மணம் போட்டிருந்தாள்.

பெயர், ஊர், அப்பா பெயர். ஹேமாவதி சொன்னாள். முதலாளி பெயரைக் கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். ஓசூருக்குப் போன புருஷனைப் பற்றிக் கேட்டபோது அலுவலரே சிரிக்கும்படி ஒரு வசவு சொன்னாள். இவ்வளவும் எப்படி நிற்கிறது என்று கோமதிக்கு ஆச்சரியம். விட்டு மாசக்கணக்கில் ஆகிறதே.

"வீட்டு உரிமையாளர் ஒரு கேள்வி கேட்கலாம்" என்றாள் அலுவலர்.

கஜேந்திரன் எழுந்து நின்றார். கோமதியைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எனக்கு இதைக் கேக்கப் பிடிக்கல. ஆனா வேற வழியில்ல. முரளி எப்படிப் போனான்னு சொல்லச் சொல்லுங்க."

முடிந்தது என்று கோமதி கண்ணை மூடிக்கொண்டாள். மதுராந்தகம் ரயில் பெட்டியின் வியர்வை நாற்றமே மூக்கில் ஏறியது. ஆவுடை அவள் கையைப் பிடித்தான்.

"மழை விட்டிருந்தது" என்றாள் ஹேமாவதி.

கோமதி கண்ணைத் திறந்தாள். ஹேமாவதி ஒன்றையும் விடவில்லை. அடுப்பில் இருந்த ரசம், இல்லாத கொத்தமல்லி, முழங்கால் தண்ணீர், தூரத்தில் நின்று கத்தியவர்கள். முன்பு சொல்லாதது கூட வந்தது. கடைக்குப் போகும்போது அவன், "அம்மா, மிச்சக் காசுக்கு மிட்டாய் வாங்கிக்கட்டா?" என்று கேட்டானாம். இவள் வேண்டாம் என்றாளாம். அதைச் சொல்லிவிட்டு ஹேமாவதி போட்ட சத்தத்தில் அலுவலர் பின்னுக்கு நகர்ந்தாள். மகிழினியின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பிள்ளை சாமி கும்பிடுகிறது என்று கோமதி நினைத்தாள்.

"அதே நபர்தான்" என்று அலுவலர் பதிந்துகொண்டாள். "ஓர் ஆண்டுக்கு நீட்டிப்பு."

கஜேந்திரன் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். "அவனை நானும்தான் தூக்கி விளையாடினேன்" என்று யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னார். கோமதி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, ரயிலுக்கு நேரமாச்சு என்று படியிறங்கிப் போனார்.

அடுப்படிக்குள் வந்ததும் ஆவுடை அவள் தோளைப் பிடித்தான். "பெரிய காரியம் பண்ணிட்டட்டி. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் நிம்மதியாத் தூங்கிருப்பேன்ல."

"என்னத்தப் பண்ணேன்?"

"விட்டுட்டேன்னு சொல்லிட்டு, எனக்குத் தெரியாமக் கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

"நானா? நீங்கதான் செஞ்சீங்கன்னு நெனச்சேன்."

ஹாலிலிருந்து பேச்சுக் குரல் வந்தது. கோமதி கதவோரம் போனாள்.

மகிழினி எழுந்து நின்று, எட்டின மட்டும் சுவரைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். "முடிஞ்சிருச்சு பெரியம்மா. ஆபீசரு போயிட்டாங்க. இனிமே தெனமும் கேக்க மாட்டேன். கண்ண மூடித் தூங்குங்க."

"மகி" என்றாள் கோமதி.

பிள்ளை திரும்பினாள். திட்டு விழும் என்ற பயம் கொஞ்சமும் சந்தோஷம் நிறையவுமாக இருந்தது முகம். "நான்தாம்மா தெனமும் ஸ்கூல் விட்டு வந்து சொல்லிக் குடுத்தேன். நீ ஞாயித்துக்கிழம கேக்கதெல்லாம் எனக்கு மனப்பாடம்லா. மொதல்ல அது எங்க வீட்டுக் கதையே இல்லன்னு சொல்லிட்டாங்க. எவ்வளவு சொல்லியும் வரல. அப்புறம் நானே முரளி மாதிரிப் பேசிக் காட்டினேன். வாசல்ல நின்னு, 'அம்மா, கடைக்குப் போறேம்மா, மிச்சக் காசுக்கு மிட்டாய் வாங்கிக்கட்டா'ன்னு கேட்டேன். ஒடனே எல்லாம் ஞாபகம் வந்துட்டு."

பெட்டிக்குள் ஹேமாவதி இன்னும் விம்மிக்கொண்டிருந்தாள். "பிள்ளையத் திட்டாதடி" என்று அதற்கு நடுவிலும் சொன்னாள்.

கோமதிக்குத் திட்ட வரவில்லை. வரவேண்டியது கோபமா அழுகையா என்று தெரியாமல் நின்றபோது முதலில் வந்தது நிம்மதி. இன்னும் ஒரு வருஷம் ரயில் இல்லை. அதுதான் முதலில் வந்தது என்று புரிந்ததும் அவள் தன் கையைப் பார்க்காமல் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, நாம எங்கயும் போவ வேண்டாம்லா?"

"வேண்டாம்ட்டி" என்றாள் கோமதி.